மாமா கேட்ட ஒரு வரிப் பதில்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் மகள் சுகம். பேத்தியும் சுகம், கணக்குப் பாடம் ஒன்றுதான் அவளுக்குச் சுகமில்லை. என் இடது முழங்கால் முன்போலவே சத்தம் போடுகிறது. ஊரில் உள்ள கட்டில் சக்கரத்துக்கெல்லாம் எண்ணெய் விடுகிறவருக்குத் தன் முழங்காலுக்கு விட ஒரு சொட்டு கிடைக்கவில்லையே என்று உங்கள் மகள் கேலி செய்கிறாள். அங்கே தங்கள் புதுக் கண்ணாடி கண்ணுக்கு ஒத்துக்கொண்டதா, அத்தையின் தோள்வலி குறைந்ததா என்பதைத் தெரியப்படுத்தவும்.

சென்ற வாரம் போனில், "மாப்பிள்ளை, போன்ல எது கேட்டாலும் 'சரி மாமா, சரி மாமா'ன்னுதான் சொல்றீங்க. அது சம்மதமா சலிப்பான்னே தெரியல. எம்.பி.ஏ. படிக்கப் போறீங்களா இல்லையா, ஒரே ஒரு வரி, காகிதத்துல எழுதி அனுப்புங்க" என்றீர்கள். நானும் "சரி மாமா" என்றேன். ஒரு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த வரி எப்படி வந்தது என்று சொல்லாமல் விட்டால் தாங்கள் மறுபடியும் போன் செய்வீர்கள், நான் மறுபடியும் "சரி மாமா" என்பேன். ஆகையால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

தாங்கள் இங்கே வந்திருந்தபோது ஒரு பெரிய தாளை எடுத்து, நடுவே அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, மேலே 'மாப்பிள்ளை எம்.பி.ஏ. படிப்பது' என்று தலைப்பிட்டு, இடப்பக்கம் நன்மைகள், வலப்பக்கம் தீமைகள் என்று பிரித்துக் கொடுத்தீர்கள். நாற்பது வருஷம் வரைபடம் போட்ட கை அல்லவா, கோடு அவ்வளவு நேர். நன்மைகள் ஏழையும் தாங்களே எழுதிவிட்டு, "தீமை இருந்தா நீங்க நிரப்புங்க" என்று பேனாவை நீட்டினீர்கள். நான் 'தூக்கம்' என்று ஒன்றே ஒன்று எழுதினேன். அந்தத் தாள் இன்னும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில்தான் இருக்கிறது. தண்ணீர் எடுக்கப் போனால்கூட ஏழு நன்மைகளையும் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

அதுவரை நான் அசையாமல்தான் இருந்தேன். என்னை அசைத்தது தங்கள் தாள் இல்லை மாமா, ஒரு சொல்.

பத்தொன்பது வருஷமாக ஆஸ்பத்திரிக் கட்டில் செய்கிற கம்பெனியில், சர்வீஸ் பிரிவில் இருக்கிறேன். கட்டிலை விற்கிறவர்கள் கைகுலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்கப்புறம் சக்கரம் கிறீச்சிட்டாலும், தலைப்பக்கம் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தாலும் கூப்பிடுவது என்னைத்தான். இந்த வருஷம் எங்களுக்குப் புது மேலாளர் வந்திருக்கிறார். முப்பத்தொரு வயது, எம்.பி.ஏ. படித்தவர். எல்லோரும் அவரைச் 'சின்னவர்' என்போம். நல்ல பையன்தான், ஆனால் அவர் பேசுகிற தமிழில் தமிழ் குறைவு. முதல் கூட்டத்தில் வரிசையாக ஒவ்வொருவரையும் பார்த்து ஏதேதோ கேட்டுக்கொண்டே வந்தவர், என்னிடம், "சார், அடுத்த காலாண்டுக்கு உங்க பேண்ட்விட்த் எவ்வளவு?" என்றார். எனக்கு முன்பாதி விளங்கவில்லை, பின்பாதி விளங்கியது. கட்டிலின் அகலம் கேட்கிறார். பத்தொன்பது வருஷம் அளந்த அகலம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். "தொண்ணூறு சென்டிமீட்டர் சார். கைப்பிடி சேர்த்தா தொண்ணூத்தாறு" என்றேன்.

அறையில் பதினோரு பேர் சிரித்தார்கள். சின்னவர் மட்டும் சிரிக்கவில்லை, குனிந்து எதையோ எழுதிக்கொண்டார். அது இன்னும் பயமாக இருந்தது. இன்னும் எவ்வளவு வேலை தாங்குவீர்கள் என்பதைத்தான் அப்படிக் கேட்பார்களாம், வெளியே வந்த பிறகு ஒருவர் தோளில் கைபோட்டுச் சொன்னார். எவ்வளவு தாங்குவீர்கள் என்று நேராகக் கேட்டிருந்தால் நான் அங்கேயே அழுதிருப்பேன், யாரும் சிரித்திருக்கவும் மாட்டார்கள். மறுநாள் முதல் சாப்பாட்டு அறையில் எனக்கு 'தொண்ணூறு' என்று பெயர். "தொண்ணூறு வந்தாச்சா?", "தொண்ணூறுக்கு ஒரு நாற்காலி போடு." நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். தங்களிடம் மறைப்பானேன், வலித்தது மாமா.

அதே வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். எங்கள் பிரிவின் தலைவர் ஓய்வு பெறுகிறார், அந்த இடத்துக்கு விண்ணப்பிக்கலாம், 'எம்.பி.ஏ. விரும்பத்தக்கது.' வீட்டுக்கு வந்து, "நான் விரும்பத்தக்கவனா?" என்று உங்கள் மகளைக் கேட்டேன். "அதையெல்லாம் பலகையில ஒட்டினா யாரும் வர மாட்டாங்க, கை கழுவிட்டுச் சாப்பிட வாங்க" என்றாள். அன்றே முடிவெடுத்தேன், படித்துவிடுவது என்று. தாங்கள் நன்மை எழுதிய தாளைக் கதவில் இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றி வைத்தேன்.

சனிக்கிழமை கல்லூரியில் விளக்கக் கூட்டம். வேலை பார்த்துக்கொண்டே சனி ஞாயிறு படிக்கிறவர்களுக்கான வகுப்பு, இரண்டு வருஷம். இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். வாசல் காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்து, "பேரன்ட்ஸ் மீட்டிங்கா? மாடில, இடது பக்கம்" என்றார். இல்லையப்பா, நான் படிக்க வந்தவன் என்று சொல்ல வாய் வரவில்லை. மாடிக்குப் போனேன். பின்வரிசையில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு நழுவிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இரண்டு பக்கமும் ஆட்கள் வந்து அடைத்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் விடுதியைப் பற்றிப் பேசினார்கள். கட்டில் ஆடுகிறது, பிள்ளைகளுக்கு முதுகு வலிக்கிறது என்று ஒரு தாய் குறைபட்டபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எழுந்து, கட்டில் ஆடினால் குறை காலில் இல்லை, குறுக்குச் சட்டத்தின் மரையில் இருக்கிறது, இப்படி இப்படி முடுக்குங்கள் என்று சொன்னேன். கைதட்டினார்கள். கூட்டம் முடிவதற்குள் என்னைப் பெற்றோர் குழுவில் உறுப்பினராக்கி, கையில் ஒரு அட்டையையும் கொடுத்துவிட்டார்கள். பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்டதற்கு, "இனிமேல்தான் சேரணும்" என்றேன். அது பொய் இல்லை. கீழே வந்தபோது விளக்கக் கூட்டம் முடிந்து நாற்காலியை மடித்துக்கொண்டிருந்தார்கள். விண்ணப்பம் மட்டும் ஒன்று வாங்கி வந்தேன்.

அந்த விண்ணப்பத்தோடு ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும், மேலதிகாரி எழுத வேண்டும். சின்னவரிடம் போய் நின்றேன். "நீங்களே எழுதிட்டு வாங்க சார், நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். எல்லா ஆபீசிலும் அப்படித்தானாம். மாமா, ஒரு மனிதன் இன்னொரு மனிதனாக மாறித் தன்னைப் பற்றி எழுத வேண்டும் என்றால் அது எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். முதல் கேள்வி: 'விண்ணப்பதாரரை எவ்வளவு காலமாக அறிவீர்கள்?' உண்மையைத்தானே எழுத வேண்டும் என்று, 'பிறந்ததிலிருந்து' என்று எழுதினேன். பேத்தி பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எழுதியதை அடித்துவிட்டேன். இரண்டாவது, 'அவரது குறை ஒன்று.' இதற்கு இடம் போதவில்லை. மூன்றாவது, 'அவர் தலைமை தாங்கிய ஒரு நிகழ்ச்சி.' அரை மணி நேரம் யோசித்து 'இல்லை' என்று எழுதினேன்.

உங்கள் மகள் வந்து தாளைப் பிடுங்கினாள். "கையெழுத்துப் போடறது அவரு, எழுதறது நீங்க, ஆனா உங்களைப் பத்தித் தெரிஞ்சது நான். இங்க குடுங்க" என்று தானே எழுத உட்கார்ந்தாள். விண்ணப்பத்தையும் அவளே நிரப்பினாள். 'படிப்பை இடையில் விட்டிருந்தால் காரணம்' என்று ஒரு கட்டம் வந்தது. "இது உங்களுக்கு வர வேண்டிய கேள்வியே இல்ல, எனக்கு வர வேண்டியது" என்று சிரித்துக்கொண்டே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். நானும் சிரித்தேன்.

தலைமை தாங்கிய நிகழ்ச்சிக்கு அவள் எடுத்துக்கொண்டது ஆறு வருஷத்துக்கு முன் நடந்தது. நானே மறந்துவிட்டேன். ஒரு ஆஸ்பத்திரியில், முதுகில் அறுவை முடிந்து ஒருவர் சாய்ந்து படுத்திருக்கிறார். சக்கரம் பார்க்கப் போன நான் குனிந்து பார்த்தால், அவர் தலைப்பக்கத்தைத் தாங்குகிற தண்டு விரிசல் விட்டிருக்கிறது. முறிந்தால் அப்படியே தொப்பென்று இறங்கிவிடும். அவரை அந்த நேரத்தில் அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு வழி தெரியாமல் அடியில் புகுந்து தோளைக் கொடுத்தேன். மாற்றுத் தண்டு வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. அவர் பயப்படாமல் இருக்க வேண்டுமே என்று, கீழே இருந்தபடியே என் வாழ்க்கையில் நடந்த அசட்டுத்தனங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கல்யாணத்தன்று மாடிப்படியில் மாலையோடு தங்கள் மேல் விழுந்ததையும் சொன்னேன், மன்னிக்கவும். "சிரிக்க வைக்காதீங்க, தையல் வலிக்குது" என்று அவர் கெஞ்சினார். என் முழங்கால் சத்தம் போட ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

இதை எழுதிவிட்டு உங்கள் மகள் கடைசியில், 'இவர் தலைமை தாங்கினார் என்று நான் சொல்ல மாட்டேன். கட்டிலைத் தாங்கினார்' என்று முடித்திருந்தாள். குறை என்ற இடத்தில், 'தன்னைப் பற்றிக் கேட்டால் கட்டிலைப் பற்றிச் சொல்வார்' என்று ஒரே வரி. படித்துவிட்டு நான் குளியலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

சின்னவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்றுதான் எடுத்துப் போனேன். மனிதர் படித்தார். இரண்டு தடவை படித்தார். "இது நிஜமா நடந்ததா சார்? வந்த புதுசுல பழைய ரிப்போர்ட்டெல்லாம் படிச்சேன், எதுலயும் இல்லையே?"

"ரிப்போர்ட்ல பழுது, மாத்தின பாகம், ஆன நேரம், மூணு கட்டம்தான் சார். தோளுக்குக் கட்டம் இல்ல."

எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அன்னிக்கு நீங்க தொண்ணூறுன்னு சொன்னீங்கல்ல? நான் அதை அப்படியே எழுதி மேலிடத்துக்கு அனுப்பிட்டேன். 'பேண்ட்விட்த் தொண்ணூறு, மிகச் சிறப்பு, பாராட்டுகள்'னு பதில் வந்திருக்கு. எல்லாரும் ஏன் சிரிச்சாங்கன்னு எனக்கு ரெண்டு நாள் கழிச்சுதான் புரிஞ்சுது. எனக்குக் கட்டிலைப் பத்தி ஒண்ணுமே தெரியாது சார். வெளில சொல்லிடாதீங்க" என்றார். அப்புறம் மெல்ல, "தினம் காலைல அரை மணி நேரம் என்னைப் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றார். இப்போது கூட்டிப்போகிறேன். அறிவிப்புப் பலகையில் உள்ள அந்த இடத்துக்கும் விண்ணப்பிக்கச் சொன்னார். எம்.பி.ஏ. வேண்டுமே என்றேன். "விரும்பத்தக்கதுன்னுதானே போட்டிருக்கு? அந்தத் தாளை எழுதினவனே நான்தான் சார், பழைய தாளைப் பார்த்து எழுதினேன்" என்றார்.

கல்லூரி நேர்முகத்துக்குப் போன அன்று காவலாளி எழுந்து நின்று, "கமிட்டி சார், வாங்க" என்று கதவைத் திறந்துவிட்டார். உள்ளே ஒரு பேராசிரியை அம்மா, பக்கத்தில் இரண்டு பேர். "இந்தக் கடிதம் யாரு எழுதினது?" என்றார் அந்த அம்மா. எங்கள் மேலாளர் கையெழுத்து என்றேன். "கையெழுத்து யாருதுன்னு நான் கேக்கல. எழுத்து யாருது?" பொய் சொல்ல நினைத்து வாயைத் திறந்தேன், உண்மை விழுந்துவிட்டது. "வீட்டுல எழுதினாங்க" என்றேன். வெளியே போகச் சொல்வார்கள் என்று எழுந்தே விட்டேன். உட்காரச் சொல்லிவிட்டு, உங்கள் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தார். பல் ஆஸ்பத்திரியில் முன் மேஜை, பதினாலு வருஷம் என்றேன். அவள் வருவதற்கு முன் அங்கே ஆட்கள் மூன்று மணி நேரம் காத்துக்கிடப்பார்கள். இப்போது பதினைந்து நிமிஷம். பயப்படுகிறவர்களை அவள் குரலிலேயே கண்டுபிடித்து அவர்களுக்குக் காலை முதல் நேரத்தைக் கொடுப்பாள், ஏனென்றால் யோசிக்க நேரம் கிடைத்தால் அவர்கள் வர மாட்டார்கள். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அந்த அம்மா மளமளவென்று குறித்துக்கொண்டார். என்னைப் பற்றி இவ்வளவு குறிக்கிறார்களே என்று எனக்கு ஒரே பூரிப்பு.

கடைசியில் கேட்டார்: "நீங்க எதுக்கு சார் எம்.பி.ஏ. படிக்கணும்?" தங்கள் ஏழு நன்மைகளையும் மனப்பாடம் செய்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஒன்றும் வரவில்லை. "தொண்ணூறு சென்டிமீட்டர்னு சொன்னா யாரும் சிரிக்கக் கூடாதும்மா, அதுக்குத்தான்" என்று ஆரம்பித்து முழுக் கதையும் சொல்லிவிட்டேன். மூன்று பேரும் கேட்டார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா, "அதுக்கு ரெண்டு வருஷம் வேண்டாம் சார். பாடப் புத்தகத்தோட கடைசில சொற்பட்டியல் இருக்கு, பதினாறு பக்கம். நகல் எடுத்துத் தரச் சொல்றேன்" என்றார். அப்படியே ஒரு கட்டு காகிதம் கொடுத்து அனுப்பினார். தினம் ஒரு சொல் படிக்கிறேன். நேற்றுக் கூட்டத்தில் 'சினர்ஜி' என்றார்கள், கூடி வேலை செய்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று தெரியும், நான் அசையவே இல்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்தேன் மாமா. படிக்க வேண்டும் என்ற ஆசை உள்ளவன் நாற்பத்து நாலில் என்ன, அறுபத்து நாலிலும் படிக்கலாம். எனக்கு இருந்தது ஆசை இல்லை, ரோஷம். ரோஷத்துக்கு இரண்டு வருஷச் சனி ஞாயிறு அதிகம்.

ஆகவே தாங்கள் கேட்ட ஒரு வரி: நான் எம்.பி.ஏ. படிக்கப் போவதில்லை. நம் குடும்பத்தில் எம்.பி.ஏ. என்ற பேச்சு இத்துடன் முடிந்தது. தயவுசெய்து வேறு தாளில் கோடு போட வேண்டாம்.

அத்தைக்கு என் அன்பான விசாரிப்பு. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின்தான் போட வேண்டும், முன்னால் இல்லை என்று உங்கள் மகள் சொல்லச் சொன்னாள். பேத்தி முத்தங்கள் அனுப்புகிறாள், கணக்கு மதிப்பெண்ணைப் பிறகு அனுப்புவாளாம். தங்கள் நல்லாசியை என்றும் நாடும்,

மாப்பிள்ளை.

பின்குறிப்பு: மேலே 'பேச்சு முடிந்தது' என்று எழுதியிருக்கும் வரியை அடித்துவிட்டு வாசிக்கவும். கடிதத்தை மடித்து வைத்து மூன்று நாள் ஆகிறது, தபால்தலை ஒட்டச் சோம்பல். இன்று கல்லூரியிலிருந்து உறை வந்தது. இடம் கிடைத்திருக்கிறது. எனக்கில்லை, உங்கள் மகளுக்கு. அந்த அம்மா கொடுத்த காகிதக் கட்டுக்குள் பதினாறு பக்கம் சொல் மட்டும் இல்லையாம், அடியில் ஒரு வெற்று விண்ணப்பமும் இருந்திருக்கிறது. நான் தினம் ஒரு சொல் என்று மேலேயே மேய்ந்துகொண்டிருந்தேன். இவள் ஒரே மூச்சில் கடைசிவரை படித்துவிட்டு, விண்ணப்பத்தை நிரப்பி, நேர்முகத்துக்கும் போய் வந்துவிட்டாள். பல் டாக்டர் இன்னும் மூன்று இடத்தில் ஆஸ்பத்திரி திறக்கப் போகிறார், நாலையும் நடத்த ஆள் வேண்டுமாம், அந்த வேலை இவளுக்கு வேண்டுமாம். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன். "நீங்க அப்பாவுக்குக் கடிதம் எழுதிட்டு இருந்தீங்க, நடுவுல கலைக்க வேண்டாம்னு பார்த்தேன்" என்கிறாள்.

கதவில் இருந்த தாளைப் பார்த்தேன். தலைப்பில் 'மாப்பிள்ளை' என்பதை அடித்து 'நான்' என்று எழுதியிருக்கிறாள். தங்கள் ஏழு நன்மைகளில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தபோது, "கல்யாணம் முடியட்டும்மா, அப்புறம் படிச்சுக்கலாம்" என்று தாங்கள் சொன்னீர்களாம். எனக்கு இன்றுதான் தெரியும். தங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, இத்தனை வருஷம் நானும் கேட்கவில்லையே. அந்த 'அப்புறம்' வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருகிறது. பெற்றோர் குழு அட்டையில் 'மாணவருக்கு உறவு' என்ற இடம் காலியாகவே இருந்தது, 'கணவர்' என்று நிரப்பிவிட்டேன்.

பரிந்துரைக் கடிதத்தின் வெற்றுத் தாள் ஒன்று இத்துடன் இருக்கிறது. உறவினர் எழுதினால் கல்லூரி ஏற்காது, அவள் வேலை பார்க்கிற பல் டாக்டர் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. இது கல்லூரிக்கு இல்லை. தாங்கள் எழுதி அவளுக்கு அனுப்ப வேண்டும் என்று நான்தான் கேட்கிறேன், அவளுக்குத் தெரியாது. முதல் கேள்வி, விண்ணப்பதாரரை எவ்வளவு காலமாக அறிவீர்கள் என்பது. 'பிறந்ததிலிருந்து' என்று தாங்கள் எழுதலாம் மாமா. அடிக்க வேண்டியதில்லை.